சிங்கிள்ஸ்பீடுக்கு நீடித்து உழைக்கும் பின் ஹப் எது?

மேட்டுமிதி:

பின் ஹப் (பின்சக்கரத்தின் நடுக்குடம்) மாற்ற வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. வாங்குமுன் இங்கே நாலு பேரிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

வண்டி சிங்கிள்ஸ்பீடு, அதாவது கியர் இல்லாத 29 அங்குல மலைவண்டி. முன்னால் 32 பல், பின்னால் 18 பல், கிராங்க் 175 மி.மீ. பின்பக்க இடைவெளி 135 மி.மீ. வீலைப் பின்பக்கமாக இழுத்துக் கழற்றும் டிராப்அவுட் (ஃப்ரேமில் அச்சு உட்காரும் வெட்டு), ஆறு போல்ட் டிஸ்க் பிரேக். பையோடு சேர்த்து என் எடை 90 கிலோ. ஓட்டுவது பெரும்பாலும் ஏற்றமும் மண் பாதையும். மழை என்று வண்டியை நிறுத்துவதில்லை.

இப்போது இருப்பது கியர் வண்டிக்கான சாதாரண கேசட் ஹப். அதில் ஒரே ஒரு பல்சக்கரம் போட்டு, இரண்டு பக்கமும் ஸ்பேசர் வைத்து ஓட்டுகிறேன். கொஞ்ச நாளாக, ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் 'டக்' என்று ஒரு சத்தம். பெடல் சட்டென்று கீழே இறங்கி மறுபடி பிடிக்கிறது. சரி, பல்சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்போம் என்றால் அது பாடியைக் கடித்துக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது. தட்டித் தட்டித்தான் எடுத்தேன். பாடியின் வரிகளில் கத்தியால் வெட்டியதுபோல் பள்ளங்கள்.

ஒருமுறை போட்டால் பல வருஷம் அதைப் பற்றி நினைக்கவே கூடாது, அப்படி ஒரு ஹப் வேண்டும். எடை கூடினாலும் பரவாயில்லை. மரை வைத்த ஹப்பில் ப்ரீவீல் போடுவதா, கேசட் ஹப்பா? நிறைய பாயிண்ட் (ஒரு சுற்றில் ஹப் பிடிக்கும் இடங்கள்) உள்ள ஹப் வாங்கினால் இந்த 'டக்' போய்விடுமா?

வேகச்சக்கரம்:

போய்விடும். சிங்கிள்ஸ்பீடில் ஹப்புக்கு வரும் முறுக்கு விசை மிக அதிகம், கியர் வண்டி ஹப் அதைத் தாங்காது. 72 பாயிண்டுக்குக் குறைந்து எதையும் பார்க்காதீர்கள். கிறிஸ் கிங், இண்டஸ்ட்ரி நைன் கம்பெனி ஹப்புகள் இரண்டில் ஒன்று. விலையைப் பார்த்தால் ஆகாது.

ஒத்தப்பல்:

மரை ஹப், நல்ல ப்ரீவீல். முடிந்தது கதை.

கணக்குப்பல்:

'முறுக்கு விசை மிக அதிகம்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒருமுறை கணக்குப் போட்டே பார்ப்போம்.

90 கிலோ முழுவதும் ஒரே பெடலில் இறங்கினால் சுமார் 880 நியூட்டன். கிராங்க் 175 மி.மீ. என்பதால் கிராங்கில் முறுக்கு 155 நியூட்டன் மீட்டர். பின்னால் போகும்போது அது 18-ஐ 32-ஆல் வகுத்த அளவுக்குக் குறையும். ஹப்புக்குப் போய்ச் சேருவது சுமார் 87.

இதே ஆள் இதே 32 பல் முன்சக்கரத்தோடு, பின்னால் 50 பல் உள்ள கியர் வண்டியில் அதே பலத்தோடு மிதித்தால்? 241. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அப்படிப் பார்த்தால் கியர் வண்டி ஹப்தான் முதலில் உடைய வேண்டும்.

ஆனால் கியர் வண்டிக்காரர் 50 பல்லில் எழுந்து நின்று முழு எடையைப் போட மாட்டார். உட்கார்ந்து சுழற்றுவார். நமக்கு அந்த வசதி இல்லை. வண்டி நிற்கப்போகும் வேகத்தில், முழு எடையும் பெடலில், கூடவே கைப்பிடியை இழுத்து இன்னும் கொஞ்சம். அதுவும் ஒவ்வொரு ஏற்றத்திலும். ஆக நம் ஹப்பைக் கொல்வது முறுக்கின் அளவு மட்டும் இல்லை. அது வரும் விதமும், எந்த இடத்தில் எவ்வளவு குறுகலான பரப்பில் இறங்குகிறது என்பதும்தான்.

பாயிண்ட் விஷயத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். ராட்செட் என்பது ஹப்புக்குள்ளே ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழிவிடும் அமைப்பு. 18 பல் ராட்செட் (18 பாயிண்ட்) என்றால் ஹப்பில் 20 டிகிரி சும்மா சுற்றும். பெடலில் அது 11 டிகிரியாகத்தான் தெரியும். 36 பல் என்றால் ஐந்தரை. 50 பல் போட்ட கியர் வண்டியில் அதே 18 பல் ராட்செட் பெடலில் 31 டிகிரி காட்டும். பாயிண்ட் குறைவு என்று அழ வேண்டியது அவர்கள்தான்.

வேகச்சக்கரம்:

கணக்கெல்லாம் சரி. பாறை மேல் ஏறும்போது அரைச் சுற்று பின்னால் மிதித்து உடனே முன்னால் மிதிக்கும் இடத்தில் 11 டிகிரி நன்றாகவே தெரியும். அதை ஓட்டிப் பார்த்தவருக்குத்தான் புரியும்.

கணக்குப்பல்:

தெரியும், மறுக்கவில்லை. அது ஓட்டுகிற சுகம். கேட்டவர் கேட்டது ஆயுள்.

கிரீஸ்விரல்:

தம்பி மேட்டுமிதி, உங்கள் ஹப்புக்கு ஒரு வியாதி இல்லை, இரண்டு. கலந்து பார்த்தால் தப்பான மருந்து வாங்குவீர்கள்.

முதலில் அந்த 'டக்'. அது செயின் பல் தாண்டுவதா, உள்ளே ராட்செட் நழுவுவதா என்று பாருங்கள். செயின் தாண்டினால் மேல்பக்கம் செயின் துள்ளுவது கண்ணுக்கே தெரியும். தேய்ந்த செயினும் லூஸும் காரணம், ஹப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. செயின் துள்ளாமல் பல்லில் உட்கார்ந்தபடியே பெடல் இறங்கினால் அது ராட்செட்.

ராட்செட் நழுவ மூன்று காரணங்களை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, உள்ளே கெட்டியான கிரீஸ். பேரிங்குக்குப் போடும் கிரீஸையே நாக்குகளுக்கும் (ராட்செட் பல்லில் மாட்டிப் பிடிக்கும் சின்னத் துண்டுகள்) அப்பிவிடுவார்கள். குளிரிலும் அழுக்கிலும் அது பசையாகி, ஸ்பிரிங் நாக்கை மேலே தள்ள முடியாமல் பாதியில் நிற்கும். பாதி எழுந்த நாக்கு பல்லின் நுனியைத்தான் பிடிக்கும்; நுனி மழுங்கும்; அப்புறம் சுத்தம் செய்தாலும் நழுவும். ஆகவே புது ஹப் வாங்குமுன் இதைப் பிரித்துக் கழுவி, மெல்லிய எண்ணெயோ ராட்செட்டுக்கென்றே விற்கும் மெல்லிய கிரீஸோ போட்டுப் பாருங்கள். நுனி மழுங்கவில்லை என்றால் சில சமயம் அதோடு தீர்ந்துவிடும்.

இரண்டாவது, தேய்மானம். அதை விடுங்கள், வயசானால் வரும்.

மூன்றாவதைத்தான் யாரும் பேசுவதில்லை: அச்சு வளைவது. நீங்கள் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் வலது பக்கத்தை மட்டும் முன்னால் இழுக்கிறது. மெல்லிய அச்சு என்றால் ஒரு மயிரிழை வளையும். வளைந்தால் நாக்குகள் இருக்கும் பாடியும் பல் இருக்கும் வளையமும் ஒரே மையத்தில் இருக்காது. ஒரு பக்க நாக்கு ஆழமாகப் பிடிக்கும், எதிர்ப்பக்கத்து நாக்கு நுனியில் நிற்கும். மூன்று பேர் தூக்க வேண்டியதை ஒருவர் தூக்குவார். பல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் இது நழுவலாக மாறும். ஏனென்றால் சின்னப் பல்லுக்கு உயரமும் கம்மி. கனமான ஆள், மெல்லிய அச்சு, நிறையப் பாயிண்ட்: இந்த மூன்றும் ஒரே வண்டியில் சேர வேண்டாம். பாயிண்ட் அதிகமுள்ள நல்ல ஹப்புகள் தாங்குவதற்குக் காரணம் பாயிண்ட் இல்லை, அவற்றின் அச்சும் பேரிங்கும் தடிமனாக இருப்பதுதான்.

இரண்டாவது வியாதி, பாடியில் விழுந்த பள்ளம். அது அலுமினிய பாடியும் மெல்லிய பல்சக்கரமும் சேர்ந்தால் எப்போதும் வருவது. 72 பாயிண்ட் ஹப் வாங்கினாலும், பாடி அலுமினியமாக இருந்து இதே பல்சக்கரத்தைப் போட்டால் இதே பள்ளம் அங்கேயும் விழும்.

புதுப்பெடல்:

நடுவில் ஒரு சின்னச் சந்தேகம். ப்ரீவீல், பாடி, கேசட் என்று மாறி மாறிச் சொல்கிறீர்கள். இரண்டும் பின்னால் மிதித்தால் 'டிக் டிக்' என்றுதானே ஓடுகின்றன, என்ன வித்தியாசம்?

ஒத்தப்பல்:

'டிக் டிக்' எங்கே இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். ப்ரீவீலில் பல்லும் ராட்செட்டும் ஒரே உருண்டையாக இருக்கும். அதை ஹப்பின் மரையில் திருகி மாட்டுவோம். ஹப் வெறும் ஓடு, அச்சு, பேரிங், அவ்வளவுதான். கேசட் ஹப்பில் ராட்செட் ஹப்போடு சேர்ந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வரி போட்ட உருளையைத்தான் பாடி என்கிறோம். பல்சக்கரம் அதன்மேல் சும்மா செருகி நிற்கும்.

நான் ஏன் மரை ஹப் என்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒரு வரியில் சொன்னால் திமிர் என்று நினைப்பார்கள். ராட்செட் தேய்ந்தால் ப்ரீவீலைக் கழற்றி வீசிவிட்டு வேறு ஒன்றைத் திருகினால் போதும். ஸ்போக்ஸில் கை வைக்க வேண்டாம், ரிம்மைத் தொட வேண்டாம். 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை: இந்த அளவு இன்று கிட்டத்தட்ட உலகம் பூராவும் ஒன்றே. இன்று வாங்கிய ஹப்புக்கு இருபது வருஷம் கழித்தும் ப்ரீவீல் கிடைக்கும். கேசட் ஹப்பின் பாடிக்கு அந்த உத்தரவாதம் யார் தருவார்கள்? கம்பெனி மாடலை நிறுத்திவிட்டால் பாடி கிடைக்காது, பாடி கிடைக்காவிட்டால் ஹப்பே குப்பை.

முறுக்கு விசை மரை முழுக்கச் சுற்றிலும் பரவி இறங்கும். கடித்துப் பள்ளம் விழ இடமே இல்லை.

கிரீஸ்விரல்:

அதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். அந்த ப்ரீவீலைக் கழற்றுகிற கதையையும் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

ஒத்தப்பல்:

சொல்கிறேன் அண்ணே, ஒளிக்கவில்லை.

ஒவ்வொரு மிதியும் ப்ரீவீலை இன்னும் இறுக்கும். 90 கிலோ ஆள் கொஞ்ச காலம் ஏற்றத்தில் ஓட்டிய ப்ரீவீல் சாதாரண ஸ்பேனருக்கு அசையாது. வைஸில் ரிமூவரைக் கடிக்க வைத்து, வீலையே ஸ்டியரிங் மாதிரி பிடித்துத் திருப்ப வேண்டும். மலிவான ப்ரீவீல்களில் ரிமூவருக்கு இரண்டு அல்லது நாலு வெட்டு மட்டும் இருக்கும், அது வழுக்கினால் வெட்டு பிய்ந்துபோகும். ரிமூவரை அச்சு நட்டாலோ ஸ்க்யூவராலோ (அச்சுக்குள் நுழைத்து இறுக்கும் கம்பி) அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் அசைவு வந்ததும் நட்டைத் தளர்த்த வேண்டும். மாட்டும்போதே மரையில் கிரீஸ் தடவாதவன் பின்னால் படுவான். அலுமினிய ஓட்டு மரையில் ஸ்டீல் ப்ரீவீல் உலர்ந்து பிடித்துக்கொண்டால், கழற்றும்போது மரையும் சேர்ந்து வரலாம்.

இன்னொன்று, 18 பல்லுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் சிறிய பல் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். 1.37 மரைக்கு 16 பல்தான் குறைந்தபட்சம். அதற்குக் கீழே 13, 14, 15 பல் ப்ரீவீல்களுக்கு 30 மி.மீ. மெட்ரிக் மரை. இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது.

ப்ரீவீல்களில் ஏற்றத்தாழ்வு மிக அதிகம். மலிவானவற்றில் பெரும்பாலும் இரண்டே நாக்கு, மெல்லிய தகட்டு மூடி, உள்ளே தளர்வான பால்ஸ், தண்ணீர் புகாமல் தடுக்க ஒன்றுமே இல்லை. வாங்கும்போதே ஆடும். அதை மழையில் ஓட்டிவிட்டு ப்ரீவீலே மோசம் என்று சொல்வது நியாயம் இல்லை. வைட் இண்டஸ்ட்ரீஸ் செய்யும் ப்ரீவீலில் சீல்டு பேரிங் (மூடி போட்டு முழுசாக வரும் பேரிங்) இருக்கிறது, பிரித்து உதிரி மாற்ற முடியும், கழற்றுவதற்கு அதற்கென்றே ஒரு ரிமூவர். விலை, சில முழு ஹப்புகளை விட அதிகம். ஆனால் ஹப்புக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டியது கொஞ்சம்தான் என்பதால் கூட்டிப் பார்த்தால் சமம்.

மௌனவீல்:

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. ஓனிக்ஸ் ஹப்பில் நாக்கும் இல்லை, பல்லும் இல்லை. ஸ்ப்ராக் கிளட்ச். வழுவழுப்பான இரண்டு வளையங்களுக்கு நடுவே சாய்வாக நிற்கும் சின்ன உலோகத் துண்டுகள். ஒரு பக்கம் சுற்றினால் படுத்து வழிவிடும், மறுபக்கம் சுற்றினால் நிமிர்ந்து இறுகும். பாயிண்ட் என்ற பேச்சே கிடையாது, மிதித்த உடனே பிடிக்கும். சத்தமும் கிடையாது. பலமாக மிதிக்கும்போது ரப்பர் மாதிரி ஒரு மெல்லிய நெகிழ்வு தெரியும், அது எல்லோருக்கும் பிடிக்காது. எடை கணிசமாகக் கூடுதல். நீங்கள்தான் எடை பரவாயில்லை என்றீர்களே.

என் இன்னொரு வண்டி ஃபிக்ஸ்டு. ராட்செட்டே இல்லாத ஹப்பில் ராட்செட் கெட்டுப்போக வழியில்லை. இறக்கத்திலும் கால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் மண் பாதைக்கு இதை உங்களுக்குப் பரிந்துரைக்கவில்லை.

புதுப்பெடல்:

அக்கா, ஃபிக்ஸ்டு ஹப்பில் மரை போய்விடும் என்று நிறையப் பேர் சொல்கிறார்களே?

மௌனவீல்:

போகும், சரியாக இறுக்காவிட்டால். பின்னால் அழுத்தி வேகத்தைக் குறைக்கும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் எதிர் மரையில் ஒரு லாக்ரிங். பல்சக்கரம் முழுசாக இறுகாமல் லாக்ரிங்கை மட்டும் நம்பினால் முன்னும் பின்னும் ஆடி ஆடி அலுமினிய மரையைத் தின்றுவிடும். அந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், டிஸ்க் மாட்டும் ஆறு போல்ட் துளையில் பல்சக்கரத்தை நேரடியாக போல்ட் போட்டு மாட்டுவார்கள். 44 மி.மீ. வட்டம், ஆறு போல்ட். மரையும் இல்லை, லாக்ரிங்கும் இல்லை. வீலைத் திருப்பிப் போட வேண்டும், அப்போது பின் டிஸ்க் பிரேக் போய்விடும். மேட்டுமிதிக்கு ஆகாது.

மேட்டுமிதி:

எல்லோருக்கும் நன்றி. கிரீஸ்விரல் அண்ணா சொன்னபடி பிரித்துப் பார்த்துவிட்டேன். செயின் தாண்டவில்லை, ராட்செட்தான். உள்ளே பழுப்பு நிறப் பசை. கழுவிய பிறகு பார்த்தால் நாக்குகளில் இரண்டின் நுனி உருண்டுவிட்டது, ஒன்று புதுசு போல் இருக்கிறது. நீங்கள் சொன்ன ஒருவரே தூக்கும் கதைக்கு இது பொருந்துகிறதா?

கிரீஸ்விரல்:

பொருந்துகிறது. உருண்ட இரண்டும் நுனியில் நின்றவை. நன்றாக இருக்கும் ஒன்று முழுசாக உட்கார்ந்து சுமந்தது. கழற்றி வைத்த அச்சைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், தள்ளாடினால் சந்தேகமே இல்லை. இந்த பாடிக்கு இனிச் செலவு செய்யாதீர்கள்.

இதனால்தான் டிடி ஸ்விஸ்ஸின் ஸ்டார் ராட்செட் வடிவம் எனக்குப் பிடிக்கும். நாக்குகளுக்குப் பதிலாக, முகத்தில் பல் வெட்டிய இரண்டு வளையங்கள். ஸ்பிரிங் ஒன்றை ஒன்றோடு அழுத்தும். பிடித்தால் எல்லாப் பல்லும் ஒரே சமயத்தில் பிடிக்கும். 18, 36, 54 என்று வளையங்கள் கிடைக்கின்றன, மாற்றிக்கொள்ளலாம். கனமான ஆளுக்கு நான் 36-க்கு மேல் போகச் சொல்ல மாட்டேன். பல பழைய மாடல்களில் மூடியைக் கையால் இழுத்தாலே பாடி கழன்று வரும். துடைத்து, அதற்கான கிரீஸைக் கொஞ்சம் தடவி மூடிவிடலாம். சுலபமாகப் பிரிக்க முடிகிற ஹப்பைத்தான் ஆட்கள் பராமரிக்கிறார்கள், நான் பார்த்தவரை.

கணக்குப்பல்:

பள்ளம் விழுவதற்கும் ஒரு கணக்கு போட்டுவிடுகிறேன், இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஹப்புக்கு வரும் 87 நியூட்டன் மீட்டர், பாடியின் வரிகள் வழியாக இறங்குகிறது. வரிகள் இருக்கும் ஆரம் சுமார் 16, 17 மி.மீ. அந்த ஆரத்தில் விசை சுமார் 5,300 நியூட்டன். அரை டன் எடைக்கும் மேல். கேசட்டில் இது பல பல்சக்கரங்கள் சேர்ந்த அகலமான அடித்தளத்தில் பரவும். நீங்கள் போட்டிருக்கும் தகட்டுப் பல்சக்கரத்தின் தடிமன் 2 மி.மீ. இருக்குமா? அத்தனை விசையும் அந்த 2 மி.மீ. விளிம்பில். அடி அகலமான, 5 மி.மீ. உள்ள சிங்கிள்ஸ்பீடு பல்சக்கரம் போட்டால் அதே இடத்தில் அழுத்தம் ஐந்தில் இரண்டு பங்காகக் குறையும். சர்லி, கிறிஸ் கிங் இருவருமே இப்படி அடி அகலமாகச் செய்கிறார்கள்.

வேகச்சக்கரம்:

அப்படியென்றால் அலுமினிய பாடியும் அகலமான பல்சக்கரமும் போதுமே. ஸ்டீல் பாடி எதற்கு வீண் எடை?

கணக்குப்பல்:

போதும்தான், எப்போதும் அகலமான பல்சக்கரமே கிடைக்கும் என்றால். அவசரத்துக்குக் கைக்குக் கிடைத்த பழைய கேசட் பல் ஒன்றைப் போட்டுச் சமாளிக்கும் நாள் வரும். அன்று ஸ்டீல் பாடி மன்னிக்கும், அலுமினியம் மன்னிக்காது. கடையில் சந்தேகம் வந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள். டைட்டானியத்திலும் சில ஸ்டெயின்லெஸ் ரகங்களிலும் ஒட்டாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மேட்டுமிதி:

சிங்கிள்ஸ்பீடுக்கென்றே பாடி குட்டையான ஹப் பார்த்தேன். எனக்கு வேண்டியது ஒரே பல்தானே, பாடி நீளமாக இருந்தால் என்ன, குட்டையாக இருந்தால் என்ன?

கிரீஸ்விரல்:

குட்டையானதே வாங்குங்கள். பல்சக்கரத்துக்காக இல்லை, வீலுக்காக. பாடி குட்டையானால் ஹப்பில் ஸ்போக்ஸ் கோக்கும் வலது பக்கத்து விளிம்பை இன்னும் வெளியே தள்ளி வைக்க முடியும். கியர் வீலில் வலது பக்க ஸ்போக்ஸ் செங்குத்தாக, இறுக்கம் மிக அதிகமாக இருக்கும். இடது பக்கம் சாய்வாக, தளர்ந்து கிடக்கும். அப்படிப்பட்ட வீல் அடிக்கடி கோட்டம் எடுக்கச் சொல்லும். விளிம்புகள் இரண்டும் ரிம்மின் நடுவிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் இருந்தால் இறுக்கமும் இரண்டு பக்கமும் சமம். பல் ஒன்றே என்பதால் நமக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான், ஆனால் பாதிப் பேர் கியர் ஹப்பில் ஸ்பேசர் போட்டு அதை வீணாக்குகிறார்கள்.

ஒரு குறை உண்டு. குட்டை பாடியில் பல்சக்கரத்தை உள்ளே வெளியே நகர்த்த இடம் கொஞ்சம்தான். முன்சக்கரத்தோடு செயின் நேராக நிற்கிறதா என்று வாங்குமுன்னே அளந்துகொள்ளுங்கள். நீள பாடியில் ஸ்பேசரை மாற்றிப் போட்டுச் சரிக்கட்டலாம், இதில் முடியாது.

மௌனவீல்:

பேரிங் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லையே.

கிரீஸ்விரல்:

வந்துகொண்டே இருக்கிறேன்.

கப்-கோன் பேரிங்கை (ஓட்டில் உள்ள கிண்ணத்துக்கும் அச்சில் உள்ள கூம்புக்கும் நடுவே பால்ஸ் ஓடுவது) மட்டமாகப் பேச மாட்டேன். பக்கவாட்டு விசையை நன்றாகத் தாங்கும், பால்ஸ் கிடைக்காத ஊர் இல்லை. ஆனால் லேசான ஆட்டத்தைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் கப்பில் குழி விழும். கோனை மாற்றலாம், கப் பெரும்பாலும் ஓட்டோடு அழுத்திப் பொருத்தியது, மாற்ற முடியாது. குழி விழுந்த அன்று ஹப் முடிந்தது. மாதம் ஒருமுறையாவது ரிம்மைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறவருக்கு கப்-கோன் நிச்சயம் உழைக்கும். 'மறந்துவிட வேண்டும்' என்று சொன்ன தம்பிக்குச் சரிவராது.

சீல்டு பேரிங் என்றால் மேலே பொறித்த எண்ணைப் பாருங்கள். 6802 என்றால் உள்ளே 15, வெளியே 24, அகலம் 5 மி.மீ. 6902 என்றால் உள்ளே அதே 15, வெளியே 28, அகலம் 7. ஒரே தடிமன் அச்சுதான் இரண்டிலும் நுழையும், ஆனால் 6902-இன் பால்ஸ் பெரிது. தாங்கும் திறன் இரு மடங்குக்கும் மேல். எடை குறைக்க 6802 போடும் ஹப்புகள் உண்டு. 90 கிலோவுக்கும் சேற்றுக்கும் 6902, அல்லது 12 மி.மீ. அச்சுக்கு 6001. இவை ஹப்புக்கென்று தனியாகச் செய்தவை இல்லை. மோட்டார் பம்பு வரை எல்லா இடத்திலும் உள்ள பேரிங், எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். எண்ணே இல்லாத, அந்தக் கம்பெனியிடம் மட்டும் கிடைக்கும் பேரிங் என்றால் அந்த ஹப்பை வைத்துவிட்டு வாருங்கள்.

மாற்றும்போது வெளி வளையத்தில் அழுத்தித்தான் உள்ளே ஏற்ற வேண்டும். உள் வளையத்தில் தட்டினால் புது பேரிங் ஏறும்போதே செத்துவிடும்.

ஒத்தப்பல்:

மரை ஹப்புக்கும் இது அப்படியே பொருந்தும். இன்னொரு வசதி: பல அடுக்கு ப்ரீவீல் போடும் பழைய கியர் ஹப்பில் வலது பேரிங் ரொம்ப உள்ளே இருக்கும், அச்சு நீட்டிக்கொண்டு நின்று வளையும், ஒடியும். ஷிமானோ 1978-இல் ஃப்ரீஹப், அதாவது கேசட் ஹப், கொண்டுவந்து வலது பேரிங்கை வெளியே தள்ளியதால்தான் அது தீர்ந்தது. ஒற்றை ப்ரீவீல் அகலம் குறைவு என்பதால் நமக்கு அந்த நீட்சி பெரிதாக இல்லை. 'மரை ஹப் அச்சு ஒடியும்' என்பது கியர் வண்டிக் கதை, நம் தலையில் கட்ட வேண்டாம்.

மேட்டுமிதி:

அச்சு எப்படி இருக்க வேண்டும்? இப்போது இருப்பது குவிக்ரிலீஸ் (கைப்பிடியை மடக்கி இறுக்கும் ரகம்). நின்று மிதித்தால் வலது பக்கம் வீல் முன்னால் நகர்ந்து டயர் ஃப்ரேமில் உரசுகிறது.

ஒத்தப்பல்:

நட்டு போட்ட 10 மி.மீ. முழு அச்சு. பதினைந்து ஸ்பேனர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குவிக்ரிலீஸ்தான் வேண்டும் என்றால் கேம் (கைப்பிடியோடு சுற்றி இறுக்கும் பாகம்) உள்ளே மறைந்திருக்கும் ஸ்டீல் ஸ்க்யூவர். வெளியே தெரியும் கேம் உள்ள லேசான ரகங்கள் அந்த அளவுக்கு இறுகாது. எதுவானாலும் வலது பக்கம் ஒரு செயின் டக் (அச்சைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் துண்டு) போடுங்கள். வீல் முன்னால் நகர வழியே இருக்காது, செயின் டென்ஷன் வைப்பதும் சுலபம்.

கிரீஸ்விரல்:

செயினை வீணை நரம்பு மாதிரி இறுக்காதீர்கள். நடுவில் விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக அரை அங்குலமாவது அசைய வேண்டும். முன்சக்கரம் எப்போதும் துல்லிய வட்டம் இல்லை; சுற்றும்போது ஒரு இடத்தில் இறுகும், அந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதிகம் இறுக்கினால் நல்ல பேரிங்கும் சீக்கிரம் போகும்.

வேகச்சக்கரம்:

என் கருத்து மாறவில்லை. பணம் இருந்தால் கிறிஸ் கிங் சிங்கிள்ஸ்பீடு ஹப். 72 பல், ஆனால் நாக்கு இல்லை. வளையத்தோடு வளையம் முழுசாகப் பிடிக்கும், சாய்ந்த வரிகள் காரணமாக மிதிக்க மிதிக்க இன்னும் இறுகும். கிரீஸ்விரல் அண்ணா சொல்லும் ஒருவரே தூக்கும் பிரச்சினை அதில் இல்லை.

கிரீஸ்விரல்:

அது நல்ல ஹப், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அதில் பிடிப்பது அந்த வளையம், எண்ணிக்கை இல்லை. பிரித்து வேலை செய்ய அதற்கென்று தனிக் கருவி தேவைப்படும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுமிதி:

சரி, முடிவுக்கு வந்துவிட்டேன். 135 மி.மீ. சிங்கிள்ஸ்பீடு கேசட் ஹப், குட்டை ஸ்டீல் பாடி, இரண்டு பக்கமும் 6902, நட்டு போட்ட அச்சு, பாயிண்ட் 36. அகலமான அடியுள்ள 18 பல் ஒன்று, செயின் டக் ஒன்று. பாடியும் ராட்செட்டும் தனியாக விற்கிறார்களா என்று விசாரித்துவிட்டேன், கிடைக்கிறது. ஒத்தப்பல் அண்ணா கோபிக்க வேண்டாம். வீட்டில் வைஸ் இல்லை, ப்ரீவீல் கழற்ற ஒவ்வொரு முறையும் கடைக்கு அலைய முடியாது. டிஸ்க்கும் மரையும் சேர்ந்த ஹப்பும் என் கைக்கு எட்டும் தூரத்தில் அதிகம் இல்லை.

கடைசிக் கேள்வி. ரிம் பழசுதான், 32 துளை. புதுசாக 36 துளை ரிம் வாங்கி 36 துளை ஹப்பாகப் போடட்டுமா?

ஒத்தப்பல்:

கோபம் எல்லாம் இல்லை. வைஸ் வாங்கியதும் சொல்லுங்கள், மறுபடி ஆரம்பிக்கிறேன்.

கிரீஸ்விரல்:

32 போதும். விளிம்பு தூரம் சமமாக உள்ள ஹப்பில் ஒழுங்காகப் பின்னிய 32, கோணலான 36-ஐ விட நன்றாக நிற்கும். பழைய ரிம்மில் ஸ்போக்ஸ் துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். இருந்தால் ரிம்மை மாற்றுங்கள், அப்போதும் 32-தான்.

பழைய ஸ்போக்ஸ் நீளம் சேராது. விளிம்பின் விட்டமும் இடமும் மாறுகின்றன. ஹப் கைக்கு வந்த பிறகு அளந்து, அப்புறம் ஸ்போக்ஸ் ஆர்டர் கொடுங்கள். விளம்பரத் தாளில் போட்டிருக்கும் அளவை நம்பி முன்கூட்டி வாங்க வேண்டாம்.